லேசர் தட்டும் கரோக்கே பாட்டும்

டி.வி.டி.க்கு ஒரு பெரியப்பா உண்டு. கிராமபோன் இசைத்தட்டைப் போல 30 சென்டிமீட்டர் விட்டம், இரண்டு பக்கமும் கண்ணாடிப் பளபளப்பு. லேசர் டிஸ்க் என்று பெயர். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. படத்தின் தெளிவில் வீடியோ டேப் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனாலும் தன் ஆயுள் முழுக்க அது டேப்பிடம் தோற்றுக்கொண்டேதான் இருந்தது.

தட்டின் உள்ளே ஓர் அலுமினியப் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் பாதையாக ஓடுகின்றன. லேசர் ஒளி குழியில் பட்டால் ஒரு மாதிரி திரும்பும், சமதளத்தில் பட்டால் வேறு மாதிரி. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி படமாகவும் ஒலியாகவும் மாற்றுகிறது. ஊசி இல்லை, உரசல் இல்லை, ஆகவே எத்தனை முறை ஓட்டினாலும் தேய்மானம் இல்லை. சி.டி.யில் இருப்பதைப் போலப் படம் 0, 1 என்ற எண்களாக இதில் பதியப்படவில்லை. குழிகளின் நீளமும் இடைவெளியுமே தொலைக்காட்சி அலையைச் சுமக்கின்றன. ஆரம்பகாலக் கருவிகளில் லேசருக்காக ஹீலியம்-நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயையே வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு வகைத் தட்டு நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு பிரேம். ஒரு பக்கத்தில் 54,000 பிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வேண்டிய எண்ணைக் கொடுத்தால் கருவி சில நொடிகளில் அந்தப் பிரேமில் போய் நிற்கும். டேப்பை நிறுத்தினால் படம் நடுங்குமே, அந்த நடுக்கம் இதில் கிடையாது. ஆனால் பக்கத்துக்கு 30 நிமிடம்தான் கொள்ளும். வேகத்தை மாற்றிச் சுழலும் இன்னொரு வகையில் 60 நிமிடம். எப்படியானாலும், இரண்டு மணி நேரப் படத்தின் நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். போட்டுப் பார்க்கத் தட்டு வேண்டாமா? கருவியைச் செய்தது பிலிப்ஸ். தட்டுகளை வெளியிட்டது யுனிவர்சல் ஸ்டூடியோவின் சொந்தக்கார நிறுவனமான எம்.சி.ஏ. 'ஜாஸ்' முதலான படங்களோடு தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த அவர்களின் ஆலையில் பழுதான தட்டுகள் மலிந்தன. இரண்டு பாதிகளை ஒட்டிய பசை சரியில்லாததால் சிலவற்றில் அலுமினியம் அரித்து, திரையில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் விழுந்தன.

இதைவிடப் பெரிய சங்கடம், லேசர் டிஸ்க்கில் வீட்டில் எதையும் பதிவு செய்ய முடியாது என்பது. வி.சி.ஆர். வைத்திருப்பவருக்குக் கடையில் படம் கிடைக்காவிட்டால் என்ன, டி.வி.யில் ஓடுவதைப் பதிந்துகொள்வார். தட்டுக்காரர் கம்பெனி கொடுப்பதைத்தான் பார்க்க வேண்டும். கம்பெனியோ, கருவி இத்தனை குறைவாக விற்கிறதே, யாருக்காகத் தட்டு அச்சடிப்பது என்று யோசித்தது. தெளிவான படம் என்று எத்தனை விளம்பரம் செய்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

அதை அவிழ்த்தது ஜப்பானின் பயனியர் நிறுவனம். சினிமாவை மட்டும் நம்பியிராமல், இந்தக் கருவியால் மட்டுமே முடிகிற வேலை எது என்று தேடியது. 1982இல் மதுக்கூடங்களுக்கான லேசர் கரோக்கே வந்தது. பதிவு செய்த பின்னணி இசைக்கு வாடிக்கையாளரே பாடும் கரோக்கே, அதுவரை டேப்பில் ஓடியது. வாடிக்கையாளர் கேட்ட பாட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் பாட வந்தவரின் உற்சாகம் வடிந்துவிடும். தட்டில் பாட்டின் எண்ணை அழுத்தினால் போதும். இசை தொடங்கும், பாடல் வரிகள் திரையில் ஓடும், பின்னணியில் கடற்கரையோ கைகோத்து நடக்கும் ஜோடியோ தெரியும். பாட்டுக்கும் காட்சிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. பாடுகிறவருக்கு அதைப் பற்றி என்ன கவலை? நட்சத்திரங்களும் வேண்டாம், ஹாலிவுட்டின் தயவும் வேண்டாம். சரக்கைத் தானே தயாரித்துக்கொள்ளலாம். பிறகு மைக் செருகும் வசதியோடு வீட்டுக் கருவிகளும் வந்தன. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

அமெரிக்காவில் கிரைடீரியன் என்ற நிறுவனம் வேறு வழி பிடித்தது. 1984இல் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டபோது, உபரியாக இருந்த ஒலித்தடத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளரைப் பேசவைத்துப் பதிந்தது. படம் ஓட ஓட அவர் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார். டி.வி.டி.களில் பிற்பாடு நாம் கேட்ட இயக்குநர் உரைகளுக்கெல்லாம் தொடக்கம் அங்கேதான். பெருங்கூட்டத்தை அது இழுக்கவில்லை. ஒரு படத்தைப் பத்துத் தடவை பார்க்கும் சினிமாப் பைத்தியங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துவைத்தது.

1992இல் ஜப்பானில் தொலைபேசிக் கம்பி வழியே பாட்டு அனுப்பும் கரோக்கே வந்து, தட்டின் பிழைப்பில் கைவைத்தது. 1996இல் டி.வி.டி. வந்தது. 2009 ஜனவரியில், இன்னும் 3,000 கருவிகளோடு உற்பத்தியை நிறுத்துவதாகப் பயனியர் அறிவித்தது.