கடல் கடந்து கற்ற நெசவு

இங்கிலாந்தின் கைத்தறி வரலாற்றில் எதெல் மேரே அம்மையாரின் (1872–1952) பெயர் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். நாற்பதாம் வயதை அணுகும் காலத்திலேதான் தறியில் அமர்ந்தார். எனினும் அந்நாட்டில் அருகி வந்த கைநூற்பையும் இயற்கைச் சாயத்தையும் மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தவர்களுள் அவர் தலையாயவர். அவர் தறியை நாடிச் சென்ற பாதை இலங்கையின் வழியே சென்றது. ஆதலின் அவருடைய பயணங்களையும் இல்வாழ்க்கையையும் நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

இலங்கையில் கண்டவை

தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்திலுள்ள பார்ன்ஸ்டபிள் நகரில் மருந்துக் கடை நடத்தியவரின் மகள் எதெல். இளமையில் இசை பயின்றார். பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரும் பணியிலும் இருந்தார். 1902-ல் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். கலை ஆராய்ச்சியால் பின்னர் உலகப் புகழ் பெற்ற குமாரசுவாமி, கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் புதல்வர், தாயார் ஆங்கிலேயர். அக்காலத்தில் அவர் மண்ணியல் அறிஞராகவே இருந்தார். 1903-ல் தம்பதிகள் இலங்கை சேர்ந்தனர். குமாரசுவாமி அங்கு கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியாற்றினார்.

பாறைகளை ஆராயவென்று ஊர் ஊராகச் சென்றவர்கள், அவ்வூர்களில் வாழ்ந்த கைவினைஞரைக் கண்டனர். கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பகுதியில், சேனை நிலத்தில் விளைந்த பருத்தியைப் பெண்கள் நூற்க, அந்நூலைக் கொண்டே உள்ளூர் நெசவாளர் துணி நெய்யும் முறை முற்றும் அழிந்துவிடாமல் இருந்தது. விளைவிப்போரும் நூற்போரும் நெய்வோரும் உடுப்போரும் ஒருவரையொருவர் முகமறிந்தவர்கள். மறுபுறம், ஆலைத் துணியின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் பல தறிகள் ஓய்ந்துபோயிருந்தன. எதெல் அம்மையார் கண்டியப் பூத்தையல் வேலையை ஆழ்ந்து கவனித்தார். கலைப் பொருள்களைப் புகைப்படமும் எடுத்தார்.

1907-ல் நாடு திரும்பி, கிளஸ்டர்ஷயரில் பிராட் கேம்ப்டன் என்ற சிற்றூரில் குடியேறினர். கைவினைப் பட்டறையும் அச்சகமும் நடத்திவந்த ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர், பழைய தேவாலயம் ஒன்றை அவர்களுக்கு இல்லமாக மாற்றித் தந்தார். அந்த வீட்டிலேயே கை அச்சுப்பொறி வைத்து, இலங்கைக் கைவினைகளைப் பற்றிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை 1908-ல் 425 பிரதிகள் அச்சிட்டு முடித்தனர். அம்மையார் எடுத்த புகைப்படங்கள் அந்நூலை அணி செய்தன.

சாயமும் பயிரும்

அந்த இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. 1910-ஐ ஒட்டி இருவரும் பிரிந்தனர். அம்மையார் டெவனுக்குத் திரும்பி, நெசவும் சாயமிடலும் கற்கத் தொடங்கினார். துயருற்ற காலத்தில் அவர் பற்றிக்கொண்ட தொழில், வாழ்நாள் முழுவதும் அவரைத் தாங்கி நின்றது. 1913-ல் பிலிப் மேரே என்பவரை மணந்தார்.

1916-ல் அவர் எழுதிய இயற்கைச் சாய நூல் வெளிவந்தது. கம்பளி, பட்டு, பருத்தி, சணல்நார் ஆகியவற்றுக்கு மஞ்சிட்டி, அவுரி முதலியவற்றால் எவ்வாறு நிறமேற்றுவது, படிகாரமும் இரும்பும் சாயத்தை எங்ஙனம் பிடிக்கச் செய்கின்றன என்பனவற்றை அந்நூல் விளக்கிற்று.

இதன் பொருளைப் பயிரிடுவோர் நன்குணர்வர். 1856-ல் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868-ல் மஞ்சிட்டிச் சிவப்பு இரசாயனச் சாலையில் உருவாக்கப்பட்டது. 1897-ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. சோழமண்டலக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்களும், அவுரி பயிரிட்டவர்களும் ஒரு தலைமுறைக்குள் பிழைப்பை இழக்கலாயினர். ஒரு சாயம் மாறினால் தறியில் நிறம் மட்டுமன்றி, வயலில் பயிரும் மாறும். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே இதழைப் படிப்பதன் காரணமும் இதுவே.

வீடே பட்டறை

1920-ஐ ஒட்டி, சசெக்ஸ் மாவட்டத்தில் டிச்லிங் என்ற கிராமத்தில் அம்மையார் 'காஸ்பெல்ஸ்' என்னும் இல்லத்தை அமைத்தார். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. கிராமத்துப் பெண்கள் கூலிக்கு நூற்றனர், நெய்தனர். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மாணவிகள் கற்க வந்தனர். கணவருக்குப் பத்திரிகைத் துறையில் நாட்டம். அவர் பணி பெரிதும் லண்டனிலேயே அமைந்தது. பட்டறையின் பொறுப்பு முழுவதும் அம்மையாரின் தோள்மீதே இருந்தது.

1921-ல் ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜி, பெர்னார்ட் லீச்சுடன் அவ்வில்லத்திற்கு விருந்தினராக வந்தார். டெவன் நாட்டுப்புறக் குயவர் வனைந்த மட்கலங்களில் உணவு பரிமாறப்பட்டது. வீட்டிலே நெய்த துணியும், கையால் வனைந்த கலமும், கிராமத்து வாழ்வும் ஒன்றோடொன்று பொருந்தி நின்ற காட்சி ஹமாதாவின் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னர் அவர் மஷிகோ என்னும் ஜப்பானியக் கிராமத்தில் குடியமர்ந்து தொழில் நடத்தியமைக்கு அவ்வனுபவமும் தூண்டுதலாயிற்று.

மீண்டும் பயணம்

வயது அறுபதைத் தாண்டியும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கும் சென்று, அங்குள்ள நெசவுப் பட்டறைகளையும் பள்ளிகளையும் பார்வையிட்டார். அங்கு கண்டவற்றைத் திரட்டி 1939-ல் 'இன்றைய கைநெசவு' என்னும் நூலை வெளியிட்டார். தொடக்கத்தில் கைநூலையே பெரிதும் போற்றியவர், இப்போது ஆலை நூலையும் கைநூலையும் கலந்து நெய்தார். கைத்தறி ஆலைக்குப் பகையன்று. புதிய துணி வகைகளைச் சோதித்தறிய ஏற்ற களம் கைத்தறியே என்பது அவர் முடிவு. பாவும் ஊடையும் எந்நூல், எவ்வளவு முறுக்கு என்பது தீர்ந்த பின்னரே உருமாதிரியைப் பற்றிச் சிந்திக்க வேண்டுமென அவர் கருதினார். 1937-ல் 'அரச தொழிற்கலை வடிவமைப்பாளர்' என்னும் சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

அவரிடம் பயின்ற ஸ்விட்சர்லாந்துப் பெண் மரியான் ஸ்ட்ராப், 1934 முதல் வேல்ஸ் நாட்டின் நலிந்த சிறு கம்பளி ஆலைகளுக்குப் புதிய துணி மாதிரிகள் அமைத்துத் தந்து அவற்றிற்கு உதவினார். பிற்காலத்தில் லண்டன் பேருந்து, ரயில் இருக்கைகளின் துணியையும் அவர் வடிவமைத்தார். ஆசிரியையின் கொள்கை மாணவியின் கையால் நிறைவேறிற்று.

நாம் கொள்ளத்தக்கவை

வெளியூர்ப் பயணமென்றால் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்து, நான்கு கரை மாதிரிகளை எழுதிக்கொண்டு திரும்புவது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அம்மையார் மாதிரியை மட்டும் தேடவில்லை; பருத்தி எங்கு விளைந்தது, நூற்றவர் யார், சாயம் எதனால் நின்றது, நெய்தவருக்கு வாழ்வு கிடைத்ததா என்று பார்த்தார். சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் தேங்கிய சரக்கு என்ற தலைப்பின் கீழ் ஏறும் துணிகளை நாம் பரிசோதிக்குங்கால், குறை உருமாதிரியில் இருப்பதைவிட, நூலின் முறுக்கிலும் சாயத்தின் உறுதியிலும் இருப்பதையே மிகுதியும் காண்கிறோம். நூல் கொள்முதலின்போது சிட்டத்தை அவிழ்த்துப் பார்க்க நெசவாளர் ஒருவரும் உடனிருப்பது, பின்னர் தள்ளுபடி விலைக்கு விற்பதைவிட நன்று.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். காஸ்பெல்ஸ் பட்டறை ஒருவரின் அறிவாலும் உழைப்பாலும் நின்றது. 1952-ல் அம்மையார் மறைந்தபோது அதன் வாழ்வும் முடிவுற்றது. அங்கு கூலிக்கு நெய்த பெண்களுக்குப் பட்டறையில் பங்கில்லை; அதை ஏற்று நடத்தும் உரிமையும் இல்லை. மாணவியர் கற்ற கல்வி எஞ்சியது, பட்டறை எஞ்சவில்லை. கூட்டுறவுச் சங்கமோ ஒருவர் போனாலும் தொடர்ந்து நடக்கவேண்டிய அமைப்பு. தேர்ந்த நெசவாளர் ஒருவர் ஓய்வு பெறுமுன் அவருடைய கைத்திறனை இளைஞர் இருவருக்கேனும் கற்பிக்கச் சங்கம் ஏற்பாடு செய்து, கற்பிக்கும் நாள்களுக்கும் கூலி வழங்குமாயின், அம்மையாரிடமிருந்த கல்வியும் அவர் பட்டறைக்கு வாய்க்காத நிலைபேறும் நம் சங்கங்களுக்கு ஒருங்கே கிட்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம்.