ஒளிப்பதிவைத் தொகுக்கு முன்

இடம்பெயர்ந்த எம்மவர் பலர் ஊர் பார்க்கப் போகும்போது இன்று கமராவையும் கொண்டுசெல்கின்றனர். கிணறு, வரம்பு, வீட்டின் அத்திவாரம், காணியின் எல்லையைக் காட்டி முதியவர் சொல்லும் விபரம் யாவும் பதிவாகின்றன. ஆனால் அதைத் தொகுப்பதற்காகக் கணினியில் இட்டதும் ஒளிப்பதிவு விக்கி விக்கி நகர்கிறது. கணினி பழுதென்று எண்ணிச் சிலர் கைவிட்டு விடுகின்றனர். பெரும்பாலும் கணினியில் பழுதில்லை. பதிவு சேமிக்கப்பட்ட முறையே காரணம்.

ஏன் இப்படி?

கமரா விநாடிக்கு 25 அல்லது 30 படங்களைப் பிடிக்கிறது. எல்லாவற்றையும் முழுமையாக வைத்தால் அட்டை விரைவில் நிரம்பிவிடும். ஆகவே 2003இல் வெளியான எச்.264 போன்ற முறைகளில், இடையிடையே ஒரு படம் மட்டும் முழுதாக வைக்கப்படும். ஏனையவற்றில் மாறிய பகுதி மட்டுமே குறிக்கப்படும்.

கடைக் கொப்பியை எண்ணிப் பாருங்கள். அன்றன்றைய வரவு செலவு மட்டும் எழுதியிருந்தால், ஒரு நாளின் மீதியை அறிய, மொத்தம் போட்ட பக்கத்துக்குத் திரும்பிப்போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும். தொடர்ந்து பார்க்கும்போது இது சிரமமன்று. தொகுக்கும்போதோ நாம் முன்னும் பின்னும் தாவுகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி மீண்டும் கூட்டவேண்டியுள்ளது.

செய்யவேண்டியவை

ஒவ்வொரு படமும் முழுதாக உள்ள வடிவத்துக்குப் பதிவை மாற்றவேண்டும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி என்பன அத்தகையவை. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

1. முதலில் அட்டையில் உள்ள அனைத்தையும் பிரதி எடுங்கள்.

2. விநாடிக்குரிய படங்களின் எண்ணிக்கையை மாற்றாதீர்கள். கைத்தொலைபேசிப் பதிவுகளில் இது கூடிக் குறைவதுண்டு. அதை மட்டும் ஒரே எண்ணிக்கையாக்குங்கள். இல்லையேல் குரலும் உதட்டசைவும் பிரியக்கூடும்.

3. இடத்தைக் கணக்கிடுங்கள். விநாடிக்கு 25 படங்களும் 1080 வரிகளும் கொண்ட பதிவு, டிஎன்எக்ஸ்எச்டி 120இல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 மெகாபைட் பிடிக்கும். 10 நிமிடத்துக்கு 9 கிகாபைட்.

4. அவ்வளவு இடமில்லையெனில், சிறிய அளவிலான மாற்றுப் பிரதியில் தொகுத்து, முடிவில் மூலத்துடன் இணைக்கலாம். கேடென்லைவ், டாவின்சி ரிசோல்வ் ஆகியவற்றில் இவ்வசதி உண்டு.

மாற்றுவதால் ஒளிப்பதிவு கூடுதல் தெளிவடையாது. வேலை இலகுவாகும், அவ்வளவே.

ஓர் எச்சரிக்கை

ஒருமுறை, இடம் போதவில்லையென்று மூலப் பதிவை நாம் அழித்துவிட்டோம். மாற்றிய பிரதியில் முதியவர் ஒருவரின் பேச்சு பாதியில் நின்றிருந்தது. மீண்டும் பதிவுசெய்ய அவர் உயிருடன் இருக்கவில்லை.

மாற்றிய பிரதியை எத்தனை முறையும் செய்துகொள்ளலாம். மூலம் போனால் போனதுதான். விதைநெல்லை நாம் எவரும் குற்றிச் சமைப்பதில்லை. மூலப் பதிவையும் அப்படியே இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவோம்.