கருவிக்கும் உரை வேண்டும்

2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்’ என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு மென்பொருட் கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகியன எழுதப்படும். செயற்கை நுண்ணறிவு முகவர் பொதுவாகக் கருவியின் உட்பொறியைக் காண்பதில்லை. இச்சொற்களைக் கொண்டே எதை, எப்போது பயன்படுத்துவதென முடிவு செய்கிறது.

‘திகதி தருக’ என்று மட்டும் எழுதினால், 03/04/2025 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4. நமக்கு ஏப்ரல் 3. ‘ஆண்டு, மாதம், நாள்: 2025-04-03’ என உதாரணம் காட்டினால் ஐயமில்லை. ‘பதிவை நீக்கும்’ என்றெழுதி, ‘மீளப்பெற முடியாது’ என்பதை விட்டுவிட்டால் முகவர் தயங்காது நீக்கிவிடக்கூடும். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் இது குன்றக்கூறல். வேண்டாதனவற்றையும் கொட்டி வைத்தால் மிகைபடக்கூறல். வேண்டியது அதற்குள் மறைந்துபோகும். அளவறிந்து எழுதுவதே இங்கும் இலக்கணம்.