வேலியில் ஒரு பச்சைத் திரை

பெங்களூரில் வீடு கிடைப்பது ஒரு பாடு. கிடைத்த வீட்டின் கொல்லைப்புறம் பார்க்கும்படியாக அமைவது இன்னொரு பாடு. முன்வாசலில் கோலம் போட்டு, இரண்டு செவ்வந்தித் தொட்டி வைத்து அழகாக்கி விடுகிறோம். பின்கதவைத் திறந்தால் என்ன தெரிகிறது? சிலருக்குச் சாக்கடை, சிலருக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் துருப்பிடித்த தகரம், சிலருக்கு யாரும் கேட்பாரற்ற காலி சைட்டும், அதில் ஊரார் கொட்டும் குப்பையும்.

எனக்குக் கிடைத்தது மூன்றாவது வகை. ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. ஊரை விட்டு வந்து பல வருஷம் கழித்து, நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். வீட்டுக்குத் தெற்கே கல்தூண் நட்டு, கம்பி வலை கட்டிய வேலி. வேலிக்கு அப்பால் ஒரு பெரிய மனை. அங்கே அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜல்லிக் குவியல், சிமெண்டுச் சாக்கு, உடைந்த பலகை. இவற்றுக்கு நடுவே கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகள். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இவ்வளவும் கண்ணில் படும்.

அந்தச் சமயம் மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தோம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக ஓர் இடத்திலிருந்து கடிதம் வந்தது. "வருகிறவர்கள் கொல்லைப்பக்கம் போனால் நம் மானம் என்ன ஆவது?" என்றாள் என் மனைவி. அப்போது ஆனி கடைசி. கையில் ஆறு மாதம் இருந்தது. சுவர் எழுப்பப் பணம் இல்லை. கொடி வளர்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

சீமைக் கொடி இங்கே வருமா?

ஆங்கிலத் தோட்டப் புத்தகம் எதைப் புரட்டினாலும், வேலியை மறைக்க முதலில் சிபாரிசு செய்வது 'கிளமாட்டிஸ்' என்னும் கொடியைத்தான். படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறப் பூக்கள், வேலியே தெரியாமல் பூத்துக் குலுங்கும். இங்கிலாந்தில் ஜாக்மன் என்னும் நர்சரிக்காரர்கள் 1858-ல் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய வகைதான் இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது.

இந்தக் கொடிக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. வெள்ளைப் பூப் பூக்கும் மலைக் கிளமாட்டிஸ் இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்தது. 1831-ல் அது இங்கிருந்து சீமைக்குப் போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் சிறு வெள்ளைப் பூக்களோடு இதன் இனம் ஒன்று தானாகப் படர்கிறது. ஆனால் தோட்டங்களில் வளர்க்கும் பெரிய பூ வகைகளுக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிரும் ஓய்வும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் முயன்று பார்க்கலாம். பெங்களூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருந்தாலும் இங்குள்ள குளிர் அதற்குப் போதாது. காசைக் கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம்.

ஆனாலும் அந்தக் கொடியிடமிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம். "வேருக்கு நிழல், தலைக்கு வெயில்" என்பது அதை வளர்ப்பவர்களின் சூத்திரம். எந்தக் கொடிக்கும் அடிமண் காயாமல் இருந்தால் நல்லது. அடியில் சருகோ, காய்ந்த புல்லோ, தேங்காய் நாரோ பரப்பி விட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும்.

அதன் சாறு பட்டால் தோலில் எரிச்சல் உண்டாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிச்சைக்காரர்கள் அதன் சாற்றைப் பூசிப் புண் வரவழைத்து இரக்கம் தேடினார்களாம். அதே கொடிக்கு 1597-ல் ஜெரார்டு என்ற ஆங்கிலேய மூலிகை ஆசிரியர் 'வழிப்போக்கனின் மகிழ்ச்சி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார் என்பது வேடிக்கை.

வேகக் கொடி, நிலைக் கொடி

வேலியை மறைக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரே ஒரு கொடியை நட்டுவிட்டுக் காத்திருப்பது. பல ஆண்டு நிற்கும் கொடி மெதுவாக வளரும். சீக்கிரம் வளரும் கொடி சீக்கிரம் போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்து நட வேண்டும்.

வேகக் கொடிக்கு அவரையும் சங்குப்பூவும் போதும். விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். சங்குப்பூ விதையின் தோல் கெட்டியானது. ஊறாமல் போட்டால் முளைக்க நாளாகும். அவரையை மூன்று நான்கு அடிக்கு ஒன்றாகவும், நடுநடுவே சங்குப்பூவையும் ஊன்றலாம். இரண்டுமே பயறு இனத்தைச் சேர்ந்தவை. வேர் முடிச்சுகளால் மண்ணுக்கு உரம் சேர்ப்பவை. இரண்டு மூன்று மாதத்தில் ஆளுயர வேலி பச்சையாகி விடும். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் முழுவதும் அவரை மணக்கும். கன்னடக்காரர்களுக்கு அந்த நாளில் அவரை இல்லாமல் சாப்பாடு இறங்காது.

நிலைக் கொடிக்கு நான் தேர்ந்தெடுத்தது ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு நல்ல சிவப்பாக மாறும் பூ. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரியும். இரவில் நல்ல வாசனையும் உண்டு. இதற்குத் தாவர நூலார் முன்பு வைத்திருந்த பெயர் 'குவிஸ்குவாலிஸ்'. லத்தீன் மொழியில் "யார்? எப்படிப்பட்டது?" என்று அர்த்தம். பிழைக்க வந்த ஊரில் நம்மைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வி!

பென்சில் கனத்தில், ஆறு முதல் எட்டு அங்குல நீளக் குச்சியை மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். வேலியிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, மண்ணோடு மக்கிய சாணி எருவும் கொஞ்சம் மணலும் கலந்து நட வேண்டும். கொடியை ஆரம்பத்திலேயே மேலே ஏற விடாமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால்தான் வேலியின் அடிப்பாகமும் மறையும். நேராக ஏற விட்டால் உச்சியில் காடாகவும், கீழே மொட்டையாகவும் நிற்கும். புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் கத்தரித்து விட வேண்டும். உதிர்ந்த இலையின் காம்பு முள்ளாக நிற்கும், கை பத்திரம்.

வேலிக்கு அப்பால் ஒரு குரல்

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டிக் கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் வந்து நின்றாள். தலையில் சும்மாட்டுத் துணி. சித்தாள் வேலை செய்கிறவள்.

"என்ன சார் நடறீங்க?" என்று தமிழில் கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அந்தக் கொட்டகைகளைப் பார்த்து முகம் சுளித்தேனே தவிர, அங்கே இருப்பவர்கள் எந்த ஊர், எந்த பாஷை என்று கேட்டதில்லை. திருவண்ணாமலைப் பக்கமாம். மழை இல்லாமல் நிலம் காய்ந்து போய், குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர்கள்.

"கொடி வைக்கிறேன் அம்மா, சும்மா அழகுக்கு" என்றேன். பொய்தான்.

அவள் சிரித்தாள். "மறைப்புக்குத்தானே சார்? நல்லா வையுங்க. உங்களைவிட எங்களுக்குத்தான் மறைப்பு வேணும். நாலு கம்புல பொடவையைச் சுத்திக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி குளிக்கிறோம். உங்க வீட்டு ஜன்னல்ல வெளக்கு எரிஞ்சா அன்னிக்குக் குளியல் கெடயாது."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறது என்று நாங்கள் குறைபட்டோம். எங்கள் கண்ணே அவர்களுக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அன்று முதல் அந்த ஜன்னல் விளக்கை விடியும் வரை போடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி காரணம் கேட்டாள், சொன்னேன். பிறகு ஒன்றும் பேசவில்லை. மறுநாளே ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரை தைத்துப் போட்டாள்.

அந்த அம்மாளுக்கு என்னைவிட விவசாயம் தெரிந்திருந்தது. "குழியில எருவை அப்படியே கொட்டாதீங்க, மண்ணோட பெசறுங்க" என்றாள். அவரையில் அசுவினி பற்றியபோது அடுப்புச் சாம்பலைக் காலைப் பனியில் தூவச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். நான் பாதி விதையை வேலிக்கு மேலாக அவளிடம் கொடுத்தேன். அந்தப் பக்கமும் ஒரு வரிசை முளைத்தது.

பூ யார் பக்கம்?

கார்த்திகைக்குள் வேலி மறைந்தது. ஆனால் ஒரு விஷயம் நான் எதிர்பாராதது. எங்கள் பக்கம் இலைதான் அதிகம். பூவும் காயும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். எங்கள் வேலி வீட்டுக்குத் தெற்கே இருந்ததால் அதன் வெயில் முகம் அந்தப் பக்கம். கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது கணக்கில்லை. வெளிச்சம் எங்கேயோ அங்கேதான் பூக்கும். நடும் முன்பே இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். தெற்கு வேலியில் நட்டால் பூ பக்கத்துக்காரருக்கு. வடக்கு வேலியில் நட்டால் உங்களுக்கு.

எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மடி அவரைக்காய் வேலிக்கு மேலே வந்து கொண்டிருந்தது.

தையில் பெண் பார்க்க வந்தார்கள். கொல்லைப்பக்கம் போனவர்கள் சங்குப்பூவைப் பார்த்துப் பாராட்டினார்கள். அன்றைய சாம்பாரில் போட்டதும் வேலி அவரைதான். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. ஜாதகம்தான் காரணம், வேலி அல்ல. அடுத்த வருஷம் வேறொரு நல்ல இடம் அமைந்தது.

மறைக்கக் கூடாதவை

கொடி எதையும் மறைக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்தும். குப்பை மேட்டை மறைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஈயும் எலியும் போய்விடாது. உடைந்த தொட்டியிலும் டயரிலும் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். அதை இலைக்குப் பின்னால் விடுவது விபரீதம். முதலில் மாநகராட்சியில் புகார் கொடுத்து அப்புறப்படுத்துங்கள்; மிச்சத்தை மறையுங்கள். சாக்கடை ஓரமானால் துப்புரவு ஆட்கள் போய்வர வழி விடுங்கள். கொடியின் அடிப்புறத்தை ஓர் அடி உயரத்துக்கு இலை நீக்கி வைத்தால் பாம்பு அண்டினாலும் தெரியும். மழையில் நனைந்த கொடியின் பாரம் அதிகம். ஆடுகிற தூணை முதலில் பலப்படுத்துங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அலமண்டா போன்ற பால் வடியும் கொடிகள் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள்.

நாற்று வேண்டுபவர்கள் லால்பாகுக்குப் போகலாம். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி அங்குள்ள கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நடக்கும்போது, வெளியே நாற்று விற்பனையும் களைகட்டும்.

எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த கட்டடம் முடிந்துவிட்டது. கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு அவர்கள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். போகும் நாளில் அந்த அம்மாள் ரங்கூன் மல்லியில் நாலு குச்சி ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனாள். புது இடத்திலும் மறைப்பு வேண்டுமல்லவா?

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அவர்களுடைய பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் ரங்கூன் மல்லி பூத்திருப்பது நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் இன்னமும் இலைதான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசனை இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வருகிறது. சமையலறை ஜன்னலை நாங்கள் இப்போது மூடுவதில்லை.