சுழலாத ராட்டை

கூடத்தில் ராட்டை ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றாமல் சீமைத் துணியையே உடுத்துபவனைச் சுதேசி என்று யாரும் அழைக்கமாட்டார்கள். பிளக்-இன் ஹைபிரிட் என்னும் மோட்டார் வண்டி விஷயத்தில் செல்வந்தர் பலர் இன்று இப்பிழையையே செய்து வருகின்றனர்.

இவ்வண்டியில் வீட்டுப் பிளக்கிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பாட்டரியும் உண்டு. பெட்ரோல் என்ஜினும் உண்டு. பாட்டரி தீர்ந்தாலும் வண்டி வழியில் நின்றுவிடாது. அந்தச் சௌகரியமே சோம்பலுக்கு இடமாயிற்று. 2021-ம் வருஷத்தில் ஐரோப்பாவில் பதிவான இவ்வகை வண்டிகள், சோதனைக் கணக்கைக் காட்டிலும் சராசரி மூன்றரை மடங்கு கரியமில வாயுவை வெளியிட்டதாக ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் அறிவித்தது. சொந்தக்காரர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மின்சாரம் ஏற்றி ஓட்டவில்லை என்பதே பிரதான காரணம்.

நமது திருச்சி ஜில்லா உப்பிலியபுரத்தை எடுத்துக்கொள்வோம். துறையூருக்குச் சென்று திரும்ப ஏறக்குறைய 30 கிலோ மீட்டர். இவ்வண்டிகளில் பல, ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் அதற்கு மேலும் ஓடும். இரவில் பிளக்கைச் செருகி வைப்பவருக்குத் துறையூர் அலுவல்களுக்குப் பெட்ரோல் அநேகமாக வேண்டியதேயில்லை. திருச்சிக்குச் செல்பவர், சீராக ஓடும் திறந்த சாலையில் என்ஜினை உபயோகித்து, சத்திரம் பஸ் நிலையத்தின் நெரிசலுக்கும் ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கும் பாட்டரியைச் சேமித்துக்கொள்ளலாம். பச்சைமலையிலிருந்து சோபனபுரத்துக்கு இறங்குபவர், பிரேக்கை நிதானமாக மிதித்தால், ஏற்றத்தில் செலவான சக்தியில் ஒரு பங்கு பாட்டரிக்குத் திரும்பும்; திடீரென்று அழுத்தினால் அது பிரேக்கில் வெப்பமாகி வீணாகும்.

மின்சாரமும் நிலக்கரியில் பிறப்பதுதானே என்பார் சிலர். உண்மைதான். ஆயினும் அந்நிலக்கரியில் பெரும்பகுதி நம் நாட்டுச் சுரங்கத்தது. தமிழகத்துக் காற்றும் வெயிலும் நம்முடையவை. கச்சா எண்ணெயிலோ நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாட்டிலிருந்து வருகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் முழு மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம்; பெரிய ஹைபிரிட் வண்டிக்கு 40 சதவீதம். இவ்வரியைக் குறைக்கக் கோருவோர் உண்டு. வாங்கினார் என்பதற்காக மட்டும் எவருக்கும் சலுகை தரலாகாது என்பது நமது அபிப்பிராயம். செலவான எண்ணெயையும் மின்சாரத்தில் ஓடிய தூரத்தையும் பதிவு செய்யும் கருவி ஐரோப்பாவில் வண்டியிலேயே அமைந்திருக்கிறது. இங்கும் அதை வைத்து, மின்சாரத்தில் ஓடிய தூரத்துக்கு ஏற்பச் சலுகை தரட்டும். உழைத்தவனுக்கே கூலி என்பதுதானே நியாயம்?

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, நம் பஸ்கள் அடுப்புக்கரி வாயுவில் ஓடின. அன்று நிர்ப்பந்தம் நம்மைச் சிக்கனம் பழக்கியது. இன்று நிர்ப்பந்தமில்லை, சுவரில் பிளக் இருக்கிறது. அதைச் செருகும் கை மட்டுமே வேண்டும். அந்தக் கை சோம்பியிருக்குமானால், எத்தனை புதிய யந்திரம் வந்தாலும் நாம் அந்நிய எண்ணெய்க்கு அடிமைகளே.