பனைவைரப் பேனாவில் வெடிப்பு விழாதிருக்க

ஒரே இரும்பாக அடித்தெடுத்த எழுத்தாணியைப் பூட்டவேண்டிய தேவை நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. கடைச்சற்பொறியிற் கடைந்தெடுக்கும் மரப் பேனாவின் நிலை வேறு. மரவேலை செவ்வனே முடிந்து, மெருகும் ஏறிய பின்னர், முனையையும் திருகியையும் பொருத்தும் கடைசி நிமிடத்திலேயே அதன் உடல் வெடித்துவிடுகின்றது. அழுத்திய கையின்மேற் பழி போடுவோம். பெரும்பாலும் குற்றம் அதற்கு முன்னரே நிகழ்ந்திருக்கும்.

தெல்லிப்பழைப் பகுதியில் இது சிறிய விடயமன்று. 1990-இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின் திரும்பிய ஒருவர், இடிந்த வீட்டிற் கண்டெடுத்த பனஞ் சலாகைத் துண்டொன்றைப் பேனாவாக்கி வைத்திருக்க விரும்பலாம். அது வெடித்தால் அவருக்கு வேறு துண்டு ஏது?

பிற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கோ வெளியே. புறத்தே வைரமுடையவற்றைப் புல்லென வகுத்தது தொல்காப்பியம். கடைச்சற்காரருக்கு இந்த இலக்கணம் பெரிதும் உதவும். கருநார்கள் இரும்புபோல் இருக்க, அவற்றின் இடையிலுள்ள பகுதி மென்மையாய் இருப்பதால், உளி பட்டதும் நார் பெயர்ந்து வரும். கடையும்போதே நீர்போன்ற மெல்லிய சுப்பர் குளூவை ஊறவிட்டு நாரை இறுக்கிக்கொள்ளல் வேண்டும்.

ஈரமே பெரும் பகை. கூரையிழந்து பல மாரி நனைந்த சலாகை, பார்வைக்கு உலர்ந்ததுபோல் தோன்றும். அதைத் துளைத்துப் பித்தளைக் குழாயை உடனே ஒட்டிவிட்டால், சோளகம் வீசும் மாதங்களில் மரம் சுருங்கும். உள்ளேயிருக்கும் பித்தளை அதனோடு சுருங்காது. நடுவில் அகப்பட்ட மரம் பிளப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? ஆகவே துளையிட்ட துண்டை நிழலில் வைத்து, சில நாளைக்கொருமுறை சிறு தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பின்பே பசையைத் தொடுதல் நன்று. துளையிடும்போதும் துறப்பணத்தை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை அகற்றுக. சூடேறினால் மயிரிழை போன்ற வெடிப்புகள் அப்போதே விழுந்து, மெருகின்கீழ் ஒளிந்துகொள்ளும்.

மெல்லிய குமிழ்முனைப் பேனா வகையில் துளையின் விட்டம் 7 மில்லிமீற்றர். ஓரத்தில் எஞ்சும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. குழாயினுள் ஒரு துளி பசை உறைந்திருந்தாற்கூட, உட்செல்லும் உறுப்பு குழாயை விரிக்கும், மரம் பிளக்கும். சிறிய உருண்டை அரத்தால் உட்புறத்தைச் சுரண்டி, வாயோரத்தைச் சற்றே சரித்துவிடுக. இரு முனைகளும் குழாய்க்குச் செங்குத்தாக உள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும். சாய்ந்திருந்தால் அழுத்தம் முழுவதும் ஒரு பக்கத்திலேயே விழும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்பார்க்கு வேறு வழியும் உண்டு. ராஜமுந்திரியின் ரத்னம் பேனாவும், தமிழ்நாட்டுத் திருவள்ளூரின் ரங்கா பேனாவும் எபனைற்றில் கடையப்படுபவை. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிப் பெறும் அப்பொருளிலேயே புரி வெட்டி, மூடியைத் திருகிப் பூட்டுவர். 1935-இல் காந்தியடிகள் ரத்னத்தின் பேனாவைப் பாராட்டி மடல் எழுதினார். ஆனால் சலாகைத் துண்டின் நினைவு எபனைற்றில் வராதே!

பூட்டும் வேளையில் சுத்தியலை எடுக்கவே கூடாது. வைஸின் தாடைகளுக்கு மரத்துண்டு அணைத்து, உறுப்பு நேராக நிற்கிறதா எனப் பார்த்து, மெல்ல மெல்ல நெருக்குக. தடை தோன்றினால் நிறுத்தி, வெளியே எடுத்து, காரணத்தைத் தேடுக. திருகியைச் சிறிது சிறிதாக உட்செலுத்தி, ஒவ்வொரு தடவையும் ரீபிலைப் போட்டு முனை எவ்வளவு வெளிவருகிறது என்று பார்த்தல் வேண்டும். மிகுதியாக உட்சென்றதை மீட்பது கடினம். தளர்வாக இருந்தால் ஒரு சொட்டுப் பசை போதும்.

இத்தனைக்குப் பின்னும் மயிரிழை வெடிப்புக் கண்டால், அதே துண்டைக் கடைந்தபோது விழுந்த தூளை அதில் நிரப்பி, மெல்லிய பசையை ஊறவிட்டு, நுண்ணிய அரத்தாளால் தேய்க்கலாம். அந்தத் தூளை ஒரு சிமிழில் முன்னரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.