'<' என்ற குறியை உலாவி எப்படிப் படிக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மாணவர்கள் பிஎச்பி மொழியில் படிவம் அமைக்கப் பழகுகிறார்கள். பெயரைக் கேட்டு, அதனுடன் 'வணக்கம்' சேர்த்துக் காட்டும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெயருக்குப் பதிலாக ஒருவர் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லையும் சில வரி நிரலையும் உள்ளிட்டால், உலாவி அதை எழுத்தாகக் காட்டாமல் கட்டளையாக இயக்கிவிடும். இதற்கு 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர்.

உலாவிக்கு வந்து சேர்வது ஒரே எழுத்துத் தொடர். அதில் எது நாம் எழுதியது, எது பயனர் உள்ளிட்டது என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. கணித ஆசிரியர்களும் இதைக் காணலாம். இணைய வினாடி வினாவில் 'எக்ஸ், ஒய்யைவிடச் சிறியது' என்பதை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி, நடுவே < இட்டு எழுதினால் விடை திரையில் பாதியில் மறைந்துபோகலாம். குறியை அடுத்து ஆங்கில எழுத்து வந்ததால் உலாவி அதைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொள்கிறது. வகுப்பில் தொடங்க இதுவே நல்ல எடுத்துக்காட்டு என்பேன். இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை பாருங்கள்.

தீங்கு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் சமூக வலைத்தளம் கண்டது. சாமி கம்கார் என்ற இளைஞர் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு நிரலை வைத்தார். பக்கத்தைப் பார்த்தவரின் கணக்கிலிருந்தே அது அவருக்கு நட்பு அழைப்பு அனுப்பியது. பார்த்தவரின் பக்கத்திலும் தன்னை நகலெடுத்துக்கொண்டது. ஒரு நாளுக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது. இத்தனைக்கும் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை நீக்கும் வடிகட்டி அத்தளத்தில் இருந்தது. அவர் அச்சொல்லை இரண்டு வரிகளாக உடைத்து எழுதினார். சில உலாவிகள் சேர்த்தே படித்தன.

ஆகவே தடைப்பட்டியல் போதாது. திரையில் காட்டும் இடத்தில் குறிகளை மாற்றித் தர வேண்டும். இதையே 'எஸ்கேப்பிங்' என்கிறோம். < குறிக்குப் பதிலாக &, எல், டி, அரைப்புள்ளி என்ற தொடரைத் தந்தால் உலாவி < என்றே காட்டும்; கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. >, &, இருவகை மேற்கோள் குறிகள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே. பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற செயற்கூறு இதைச் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இன்னர்எச்டிஎம்எல்லுக்குப் பதிலாக டெக்ஸ்ட்கன்டென்ட் பயன்படுத்தலாம்.

சேமிக்கும்போதே மாற்றிவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம். அதே பெயர் நாளை சான்றிதழில் அச்சாகும்போது மாற்றுத் தொடரும் அப்படியே அச்சாகிவிடும்.